ஆனைவாரி முட்டல்: ஓடையோரம் ஒரு ஞாயிறு

சேலத்தில் யாரிடமாவது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டால், ஏற்காடு, அதை விட்டால் மேட்டூர் என்றுதான் பதில் வரும். இரண்டுமே எனக்குப் பிடித்த ஊர்கள். ஆனால் விடுமுறை நாளில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி, சாப்பாட்டுக்கு ஓட்டலில் காத்திருந்து, இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் பெரியவர்கள் ஓய்ந்துபோகிறார்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய், மர நிழலில், ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் அளையவிட்டு, பொழுது சாயும் முன் திரும்ப வேண்டும் என்றால் என் ஓட்டு ஆத்தூர் பக்கம் இருக்கிற ஆனைவாரி முட்டலுக்குத்தான்.

சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, கல்வராயன் மலையின் அடிவாரம் அது. சேலம் மாவட்டம்தான், இருந்தும் சேலம் டவுனில் இருப்பவர்கள் நிறைய பேர் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து வடக்கே மலையைப் பார்த்து ஐந்தாறு கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவு எதுவும் கிடையாது, வண்டியில் போனால் வாந்தி எடுக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும்.

இந்த முறை அம்மா, அம்மாயி, அக்கா, அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், நான். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி தாண்டினால் ரோட்டோரம் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஃபேக்டரிகள் வரும். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து, அந்த மாவைத் தெளியவைத்து, உருட்டி, வறுத்து, கடைசியில் களத்தில் கொட்டி வெயிலில் காய வைக்கிறார்கள், அந்தக் களம் ரோட்டிலிருந்தே வெள்ளை வெளேரென்று தெரியும். புளித்த வாடை கொஞ்சம் வரும், ஜன்னலை ஏற்றிவிட்டால் போதும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அப்புறம் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் சிலை. 146 அடி. மலேசியாவின் பத்துமலை முருகனை விட ஆறு அடி உயரம். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. அம்மாயி வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டுக்கொண்டு, "வரும்போது எறங்கிப் பாத்துக்கலாம் சாமி, மொதல்ல வெயிலுக்கு முன்னால போயிச் சேரலாம்" என்றது. பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகள். அங்கே ஒரு கடையில் பாக்குமட்டைத் தட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டோம்.

முட்டலில் முதலில் வருவது ஏரி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து நிற்கிற ஏரி, பின்னால் கல்வராயன் சுவர் எழுப்பியது போல நிற்கும். வனத்துறை இங்கே படகு விடுகிறது, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது. உள்ளே போக டிக்கெட் உண்டு. பைகளைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, காட்டுக்குள் அதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், பார்ப்பது ரொம்ப சரி. பிள்ளைகளுக்காகப் படகில் ஒரு சுற்று போனோம், ஆனால் எனக்கு மனசெல்லாம் ஓடையில்தான்.

ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் ஓடைச் சத்தம் முதலில் கேட்கும், தண்ணீர் அப்புறம்தான் கண்ணில் படும். மலையிலிருந்து பாறை பாறையாக இறங்கி வருகிற தண்ணீர், ஓரிடத்தில் இடுக்கில் நுழைந்து சீறும், பத்தடி தள்ளி அகலமாகப் பரந்து கணுக்கால் அளவுக்கு நிற்கும். எல்லோரும் நேராக ஆனைவாரி அருவிக்கு ஓடுகிறார்கள், குளிக்கிறார்கள், தலை துவட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அருவியில் குளிப்பது சுகம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தின் அருமை ஓடையோரம் ஒரு பாறையைப் பிடித்து இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அம்மாயிக்கு மூட்டு வலி, அருவி வரை நடக்க முடியாது. வழியிலேயே ஒரு தட்டையான பாறையில் ஜமுக்காளத்தை விரித்து உட்காரவைத்தோம். காலைத் தண்ணீரில் விட்டதும் விரல் நீளம் கூட இல்லாத மீன் குஞ்சுகள் முதலில் சிதறி ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒன்று திரும்பி வந்து குதிகால் வெடிப்பில் வாயை வைத்துப் பார்த்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் பத்துப் பதினைந்து. அம்மாயிக்குக் கூச்சம் தாங்கவில்லை, ஆனால் காலை எடுக்கவும் மனசில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீனின் நிழல் அடியில் கிடக்கும் கூழாங்கல் மேல் போவது வரை தெரிந்தது. மீனைவிட எனக்குப் பிடித்தது, நீளக் கால்களை விரித்துத் தண்ணீர் மேலேயே சறுக்கிக்கொண்டு ஓடும் பூச்சி. அதன் பாதம் படுகிற இடத்தில் தண்ணீர்த் தோல் லேசாகக் குழியும், கீழே தரையில் அந்தக் குழியின் நிழல் வட்டப் பொட்டாக விழும். பெரியவன், "மாமா, பூச்சி சின்னது, நிழல் மட்டும் ஏன் மாமா இவ்வளவு பெருசு?" என்று கேட்டான். தண்ணீரின் மேற்பரப்பு வளைவதால் வெளிச்சம் விலகிப்போகிறது என்று சொன்னேன், அதற்கு மேல் அவனே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். செல்போன் அவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

சாப்பாடு புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டின் ராஜா, சேலத்துத் தட்டுவடை செட்தான். இதை வீட்டிலேயே செய்து எடுத்துப் போனால் நமத்துப்போகும், அதனால் அக்கா எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். பாக்குமட்டைத் தட்டில் தட்டை போல மொறுமொறுப்பான ஒரு தட்டுவடை, அதன் மேல் பச்சைச் சட்னி, சிவப்புக் காரச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து லேசாக அமுக்கி நேராக வாய்க்குள். கடித்ததும் மொறுமொறு என்ற சத்தமும் சட்னியின் காரமும் சேர்ந்து வரும்போது பக்கத்தில் ஓடை ஓடிக்கொண்டிருந்தால், சேலத்தில் பிறந்தவனுக்கு வேறென்ன வேண்டும்.

குரங்குகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே வந்துவிடும். விரட்டுவது பெரிய வேலை இல்லை, தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், அதுதான் முக்கியம். நாம் பாசத்தில் போடும் முறுக்கும் பிஸ்கட்டும் அவற்றைக் காட்டில் பழமும் தளிரும் தேடுவதை விட்டுவிட்டு மனிதர்களிடம் பிடுங்கித் தின்னப் பழக்குகிறது, அப்புறம் ஏதாவது ஒரு பிள்ளையின் கையைப் பிறாண்டும், பழி குரங்கின் மேல் விழும். மிச்சம் இருந்த சோற்றை நாங்கள் டப்பாவிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். பாக்குமட்டைத் தட்டுகளையும்தான். மட்டையும் இலை மாதிரி மக்கும் என்றாலும் புளிசோற்று எண்ணெயோடு ஓடைக்கரையில் போட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

இனி கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். இது காட்டோடை. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் அதே நேரம் மழை கொட்டும். சரிவு அதிகம், பாறைப் பாங்கு, தண்ணீரை உறிஞ்சி நிறுத்த ஆழமான மண் இல்லை, அதனால் மேலே பெய்தது எல்லாம் ஒரே வீச்சில் இந்த ஒடுக்கமான வழியாகத்தான் இறங்கும். 2021 அக்டோபரில் இதே ஆனைவாரியில் திடீர் வெள்ளம் வந்து, கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையில் சிக்கிக்கொண்டார். வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறி இருவரையும் மீட்டார்கள், மீட்கப் போன இளைஞர்களில் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்து நீந்திக் கரையேறினார்கள். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு, அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினும் மீட்டவர்களைப் பாராட்டினார். ஆகவே தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ யோசிக்காமல் எழுந்து மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செருப்பு, பாத்திரம், பை எதையும் எடுக்க நிற்க வேண்டாம். வனத்துறைக் காவலர் விசில் ஊதினால், "இன்னும் அஞ்சு நிமிஷம்ணா" என்று கெஞ்சவும் வேண்டாம். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் ஊதுகிறார்.

போகச் சரியான காலம் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு. தை வரைக்கும் ஓடையில் தண்ணீர் நன்றாக இருக்கும், ஆளை அடிக்காத அளவாக ஓடும். காணும் பொங்கல் அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பங்குனி, சித்திரையில் ஓடை வற்றிப் பாறைதான் மிஞ்சும். மலையில் கன மழை பெய்தால் அருவிக்கு விட மாட்டார்கள், அதனால் சேலத்தில் வண்டி எடுக்கும் முன் ஆத்தூர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டிரெயினில் வருகிறவர்களுக்கு சேலம் விருத்தாசலம் தடத்தில் ஆத்தூர் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.