மாடித் தொட்டியும் மோர்மிளகாயும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாடி போர்ஷனுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். இரண்டு பேருக்கும் கோயம்புத்தூரில் வேலை. மூன்றாவது மாதம் அந்தப் பெண்ணே இறங்கி வந்து சமையல்கட்டு வாசப்படியில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், சனி ஞாயிறு ஒருத்தர் வருவார். வெறும் ஃப்ரெண்ட் இல்ல. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்கும் ஒருத்தங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். பேசித்தான் முடிவு பண்ணோம். ஊர் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நானே வந்தேன்."

முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "சரிம்மா" என்றேன். உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன் என்பது சுட்டு எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து, படியில் செருப்பு கலைந்து கிடந்தால்கூட 'இதுகளுக்கு ஒழுங்கு எங்கிருந்து வரும்' என்று தோன்ற ஆரம்பித்தது. அதற்கு முன்னாலும் அப்படித்தான் கிடந்திருக்கும். ஒரு நாள் காலையில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, முற்றத்தில் காயவைத்த மோர்மிளகாய் மொத்தமும் ஊறிப்போனது. மோட்டார் சுவிட்சு இருப்பது என் வீட்டுக்குள். ஆனாலும் மாடியைப் பார்த்துத்தான் கத்தினேன். பிளம்பர் ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரே, பந்து வால்வு போய் ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்." அவர்கள் வந்தே நாலு மாதம்தான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெரி கான்லி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். ஒரே துணையோடு வாழ்பவர்கள் நாயை ஒழுங்காக வெளியே கூட்டிப்போவார்கள், பல்லிடுக்கில் தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய்வார்கள் என்றெல்லாம்கூட ஜனங்கள் நம்புகிறார்களாம். பேசி ஒப்புக்கொண்டு வேறு உறவும் வைத்திருப்பவர்களுக்கு அதிலும் மார்க் குறைவு. அங்கே பல்லிடுக்கு, இங்கே தண்ணீர்த் தொட்டி.

எங்கள் தெருவிலேயே பொள்ளாச்சியில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. அவர் மனைவியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், யார் கேட்டார்கள்? கோயிலில் கடைசிவரை அவருக்குத்தான் முதல் மரியாதை.

சட்டமும் அப்படித்தானே இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 497ஆவது பிரிவில், அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தவனுக்குத் தண்டனை. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தன் கணவன் இன்னொருத்தியிடம் போனால் மனைவிக்கு அதில் புகார் கொடுக்க வழியில்லை. ஜோசப் ஷைன் என்ற மலையாளி போட்ட வழக்கில் 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தபோது ஸ்டாஃப் ரூமில் நான்தான் சத்தமாகக் கைதட்டினேன். மாடியில் எல்லோரையும் கேட்டுத்தான் நடக்கிறது, எனக்கு அது உறுத்துகிறது.

பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். என் மகள் இப்படி வந்து உட்கார்ந்திருந்தால் "சரிம்மா" என்று வந்திருக்காது.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிக் கேட்டார்: "டீச்சரே, மாடிக்கு வர்றது யாரு?"

"அந்தப் பொண்ணோட அண்ணன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.