உங்க கூலி எங்கேம்மா?

காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு காளான் வளர்ப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்தி, கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரியவேண்டும் என்று சொன்னால் போதும், மறுநாளே சரியாகப் பிழிந்து காட்டுகிறார்கள். மாட்டுக்கு வைக்கோல் போட்டு வளர்ந்த பிள்ளைகள். விதையை அடுக்கடுக்காகத் தூவி பாலித்தீன் பையில் படுக்கை கட்டுவதும் ஒரு மத்தியானத்தில் பழகிவிடும். பச்சைப் பூசணம் வந்த பையை மட்டும் தூக்கிப்போட மனசே வராது அவர்களுக்கு. பூசணம் ஒரு தடவை பக்கத்துப் பைக்குப் பரவினால் அந்தத் தயக்கமும் போய்விடும்.

நான் எடுப்பது கணக்கும் விற்பனையும். திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு சுற்று வட்டாரத்துப் பெண்கள்தான் எங்கள் வகுப்புகளில் அதிகம். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், மில் வேலையை விட்டவர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வருகிறவர்கள். ஆர்செட்டி என்று சொல்லப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் காளான் வகுப்பு பத்து நாள், தங்குவதும் சாப்பாடும் இலவசம். 1982இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது, பிறகு நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்று என்று பரவியது. நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கணக்கு வகுப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்போம். ஒரு பெண்ணின் நோட்டை அப்படியே சொல்கிறேன். ஏற்கனவே வீட்டில் சின்னதாகக் காளான் போட்டுக்கொண்டிருந்தவள். வைக்கோல், விதை, பை, விறகு, பாக்கெட் கவர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ காளானுக்கு 80 ரூபாய் செலவு. கடைக்காரர் எடுத்துக்கொள்வது 130 ரூபாய். கிலோவுக்கு 50 ரூபாய் லாபம், தினம் மூன்று கிலோ, ஆக 150 ரூபாய். கீழே கோடு போட்டு 'லாபம்' என்று வட்டமும் போட்டிருந்தாள்.

"உங்க கூலி எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு வேலைதானே மேடம், அதுக்கு எதுக்குக் கூலி?"

இதே பெண் நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவள். பறிப்புக் கூலி கிலோவுக்கு எவ்வளவு, முகூர்த்த நாளில் எவ்வளவு ஏற்றிக் கேட்கலாம், தோட்டக்காரர் தராசில் எங்கே கை வைப்பார் என்று எல்லாம் அத்துப்படி. அடுத்தவர் தோட்டத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடமாட்டாள், தன் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவள் உழைப்புக்கு விலை பூஜ்யமாகிவிடுகிறது. சரி என்று உட்கார்ந்து நேரத்தை எழுதினோம். வைக்கோல் வெட்ட, வேகவைக்க, படுக்கை போட, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்க, காலையில் பறித்து எடைபோட்டுக் கட்ட, பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய்க் கொடுக்க என்று எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு அரைநாள் வேலை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25க்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய், அதில் பாதி என்றால் 160. அதாவது தினம் பத்து ரூபாய் நஷ்டத்துக்குக் காளான் விற்றுக்கொண்டிருக்கிறாள். வகுப்பே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப என் மாமியார் வளர்க்கிற ஆட்டுக்கும் இப்படிக் கணக்குப் போட்டா என்ன மேடம் ஆகும்?" என்றாள். போட்டுப் பார்த்தோம். அதை இங்கே எழுதவேண்டாம், அந்த மாமியாரும் செல்போன் வைத்திருக்கிறார்.

கூலியை எழுதியதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: அந்த 130 ரூபாயை யார் முடிவு செய்தது? கடையில் 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய்க்குப் போகிறது, கிலோ 250. சிப்பிக்காளான் சாதாரண வெயிலில் ஒரு நாள் தாங்குவதே பெரிசு, சாயங்காலம் வாடிப்போகும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால் விலை பேசுவதற்கு முன்னால், விற்காமல் மீந்ததை என்ன செய்வது என்று ஒரு வழி இருக்கவேண்டும். காயவைக்கலாம், பத்து கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும், ஆனால் அது மாதக்கணக்கில் கெடாது. வெயில் காலத்தில் சிப்பிக்காளானை விட்டுவிட்டு, சூடு தாங்குகிற, பறித்த பிறகும் கூடுதல் நாள் இருக்கிற பால் காளானுக்கு மாறலாம். இந்தப் பெண் செய்தது இன்னும் எளிது: ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர்களுக்கு வாட்ஸ்அப்பில் முந்தின நாளே ஆர்டர் வாங்கிப் பாக்கெட் 45 ரூபாய் என்று இரண்டு கிலோ கொடுக்க ஆரம்பித்தாள், ஒரு கிலோ மட்டும் கடைக்கு. கூலி போக 180 ரூபாய் நிற்கிறது. பழைய நோட்டின் வட்டத்துக்குள் இருந்ததைவிட அதிகம்.

கடன் வாங்குவது இன்னொரு கதை. முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் கடன் உண்டு, உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியமும் உண்டு. பேப்பரில் எங்கேயும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஒரு வங்கியில் எங்கள் மாணவியிடம், "கல்யாணமாகிப் போயிட்டா லோனை யாரும்மா கட்டுவா? அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றுதான் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது, இருந்தாலும் அந்தக் கேள்வியில் பாதி உண்மைதான். கொட்டகை நிற்பது அப்பா பட்டாவில். அவள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அது அவளோடு வராது, அண்ணி பார்த்துக்கொள்வாள். அதனால் கல்யாணமாகாத பிள்ளைகளிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: முதல் வருமானத்தைக் கொட்டகையில் கொட்டாதீர்கள், உங்கள் பெயரில் கணக்கு, உங்கள் போனில் வாடிக்கையாளர்கள், காளான் பைகளுக்குக் கழற்றி எடுத்துப்போகிற மாதிரி ஸ்டாண்டு, இதுதான் முதலில். வீட்டில் இதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டிய அப்பாக்களும் உண்டு.

கூட வேலை பார்க்கும் சார் ஒருவருக்கு என் கணக்கு வகுப்பு பிடிக்காது. கூலியை எழுதவைத்தால் பயந்துபோய்த் தொழிலே தொடங்கமாட்டார்கள், செட்டில்மென்ட் குறையும் என்பார். பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்பதுதான் செட்டில்மென்ட், மேலே போகிற அறிக்கையில் முதலில் பார்க்கப்படுவதும் அதுதான். அவர் சொல்வது நடக்கத்தான் செய்கிறது. போன குழுவில் ஒரு பெண் முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, தன் ஊரிலிருந்து டவுனுக்கு பஸ் வசதி இப்படி இருக்கும்வரை காளான் கட்டாது, பூக்கட்டுவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அறிக்கையில் அவள் 'தொடங்காதவர்' கணக்கில் இருக்கிறாள். பத்து நாளில் அவ்வளவு தெளிவாகக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டவளை எழுத வேறு பத்தி ஒன்று வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். சார் சிரிப்பார்.