பார்வோ வந்த நாய்க்குட்டிக்கு முதல் நூறு ரூபாய் எங்கே போக வேண்டும்?

குட்டி தட்டை முகர்ந்துவிட்டு மூலையில் போய்ச் சுருண்டு படுக்கும். அன்றிரவோ மறுநாளோ மஞ்சள் நுரையாக வாந்தி. பிறகு தண்ணீராகக் கழிச்சல், அதில் ரத்தம், வீடு முழுக்கக் குமட்டும் ஒரு நாற்றம். வயது ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில், தடுப்பூசி முழுசாக முடியவில்லை என்றால், வேறு ஏதோ என்று நிரூபணமாகும்வரை பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றே எண்ணி நடக்க வேண்டும். குடற்புழு, கண்டதைத் தின்றது, எலும்புத் துண்டு, குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவை எதுவும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையை நியாயமாக்குவதில்லை.

பணம் குறைவாக இருக்கும் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு அந்த இரண்டு நாள்தான். முதல் நாள் தோலுக்கடியில் திரவமும் வாந்தி நிறுத்தும் ஊசியும் போதுமாக இருந்த குட்டிக்கு, மூன்றாம் நாள் ரத்தக் குழாயில் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, உள்நோயாளி அறை எல்லாம் தேவைப்படும். காத்திருந்து மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு அங்கே போய்விடும்.

இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட செல்கள் குடலின் உள்தோலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. குடல்தோல் உரிவதால் குடித்த நீர் உள்ளே இறங்காது, உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியே ஓடும். மஜ்ஜை அடிபடுவதால் வெள்ளை அணுக்கள் சரியும், உரிந்த குடல் வழியாகக் கிருமிகள் ரத்தத்துக்குள் போகும். வைரஸை நேரடியாகக் கொல்ல நம் கடைகளில் மருந்து கிடையாது. உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள நாலைந்து நாள் ஆகும். அதுவரை குட்டியை வறண்டு போகாமல், குளிர்ந்து போகாமல், சர்க்கரை இறங்காமல், கிருமி பரவாமல் பிடித்து வைத்திருப்பதுதான் வைத்தியம். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துவிடும். ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவை பிழைக்கும்.

ஆகவே பணம் போக வேண்டிய வரிசை: முதலில் திரவம், அடுத்து வாந்தி நிறுத்தும் ஊசி, பிறகு ஆன்டிபயாடிக். இந்த மூன்றும் முடிந்தபின் கையில் மிச்சம் இருந்தால் மற்றவை. மலத்தில் செய்யும் ரேபிட் டெஸ்ட் உபயோகமானதுதான். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தால் திரவத்துக்கு இருக்காது என்ற நிலையில் டெஸ்டை விட்டுவிடலாம், வைத்தியம் மாறப்போவதில்லை. நோயின் தொடக்கத்தில் அது 'இல்லை' என்று தவறாகக் காட்டுவதும் உண்டு. கல்லீரல் டானிக், எதிர்ப்புச் சக்தி சிரப் எல்லாம் வாந்தியோடு வெளியே வந்துவிடும். ரத்தத்தை நிறுத்தும் ஊசியாலும் பெரிய பயனில்லை, ஏனென்றால் ரத்தம் வருவது குடல்தோல் உரிந்ததால்.

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பலருக்குக் கூச்சம். மேசையில் குட்டியை வைத்தவுடனே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், என்னால இவ்வளவுதான் முடியும். இதுக்குள்ள எது ரொம்ப முக்கியமோ அதைச் செய்யுங்க. வீட்டுல பண்ண முடிஞ்சதைச் சொல்லிக் கொடுங்க." கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைப்பதைவிட இது இரு தரப்புக்கும் நல்லது. ஒரு கிளினிக்கில் சரியாகவில்லை என்று அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் வேறொன்று என்று ஓடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கட்டணம், முதலிலிருந்து பரிசோதனை.

மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருந்தகத்தில் நாயையும் பார்ப்பார்கள். தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. சில சமயம் மருந்து கையிருப்பு இருக்காது, சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். வாசலில் காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடாதீர்கள். உங்கள் குட்டிக்குப் பார்வோ இல்லாவிட்டாலும் பக்கத்துக் குட்டிக்கு இருக்கும்.

சீட்டில் எழுதும் ஆன்டன்செட்ரான் (வாந்தி நிறுத்த), பான்டோப்ரசோல் (வயிற்று அமிலம் குறைக்க), செஃப்ட்ரையாக்சோன் (ஆன்டிபயாடிக்), ரிங்கர் லாக்டேட் (ஏற்றும் உப்புத் திரவம்) எல்லாம் மனிதர்களுக்கான மெடிக்கலிலேயே கிடைப்பவை. மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், விலை நன்றாகவே குறையும். அளவு மட்டும் குட்டியின் எடைக்கு டாக்டர் எழுதினதாக இருக்க வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகளை நீர்ச்சத்து சரியாகும்முன் போட்டால் சிறுநீரகம் கெடும். வீட்டில் மிச்சமிருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

டாக்டர் குட்டியின் காலில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போட்டு, அதை எடுக்காமல் கட்டுப்போட்டு அனுப்பினால், தினமும் போய் டிரிப்ஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வரலாம். உள்நோயாளியாக வைப்பதைவிட இது மலிவு. வீட்டில் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். மற்றக் காலைவிட வீங்கியிருந்தால், சில்லிட்டிருந்தால் கட்டு இறுக்கம் அல்லது ஊசி ரத்தக் குழாயைவிட்டு விலகியிருக்கிறது. உடனே பிரிக்க வேண்டும்.

அதற்கும் வழியில்லை என்றால் தோலுக்கடியில் திரவம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 பார்வோ குட்டிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். முழுநேர உள்நோயாளிச் சிகிச்சை பெற்ற 20இல் 18 பிழைத்தன. தோலுக்கடியில் திரவமும் ஊசிகளுமாக வெளிநோயாளி முறையில் பார்த்த 20இல் 16 பிழைத்தன. ஆனால் அந்த 20க்கும் முதலில் ரத்தக் குழாயில் திரவம் ஏற்றி நிலைப்படுத்திய பிறகுதான் இந்த முறைக்கு மாற்றினார்கள் என்பதை மறக்கக்கூடாது. அங்கே கொடுத்த அளவு, ஒரு கிலோ எடைக்கு 30 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 3 கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 90 மி.லி., நாளைக்கு 360 மி.லி. உங்கள் குட்டிக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருதயக் கோளாறோ கடுமையான ரத்தசோகையோ இருந்தால் கணக்கு மாறும்.

டாக்டர் ஒரு முறை உங்கள் கையாலேயே போடவைத்துக் காட்டட்டும். 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெந்நீர்க் குவளையில் வைத்து, மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 50 மி.லி. சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியேற்றி, மஞ்சள் தலையுள்ள 20 கேஜ் ஊசியை மாட்டுங்கள். குட்டியை மடியில் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலை மூன்று விரலால் தூக்கினால் கூடாரம்போல் நிற்கும். அதன் அடிவாரத்தில், முதுகெலும்புக்கு இணையாக ஊசியை உள்ளே செலுத்த வேண்டும். சற்றே பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் எடுத்துவிட்டு வேறு இடம். வராவிட்டால் மெதுவாக அழுத்துங்கள். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவில் மேடு தட்டும். ரோமம் நனைந்தால் ஊசி கூடாரத்தின் மறுபக்கம் வழியாக வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், முதல் தடவை எல்லோருக்கும் இது நடக்கும். 90 மி.லி.யை இரண்டு இடமாகப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் புது ஊசி.

மேடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னங்கால் பக்கம் வழிந்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் காணாமல் போக வேண்டும். அப்படியே நின்றால் ரத்த ஓட்டம் தோல்வரை வரவில்லை, மேலும் ஏற்றுவதில் பயனில்லை, ரத்தக் குழாய்தான் வழி. இன்னொன்று, டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றவே கூடாது. சர்க்கரை நீர் உடம்பிலுள்ள உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தோலும் அழுகி உரியலாம். மெடிக்கலில் 'குளுக்கோஸ் பாட்டில்' என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 'ரிங்கர் லாக்டேட்' என்று பெயர் சொல்லி வாங்குங்கள்.

எடை பார்க்கச் சமையலறைத் தராசில் ஒரு பேசினை வைத்துக் குட்டியை உட்காரவையுங்கள், அல்லது மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு. ஆள் தூக்கிக்கொண்டு ஏறிக் கழிக்கும் கணக்கில் நூறு கிராம் வித்தியாசம் தெரியாது, நமக்கு வேண்டியதே அந்த நூறு கிராம்தான். நேற்றைக்கும் இன்றைக்கும் 150 கிராம் குறைந்திருந்தால் பெரும்பாலும் அது 150 மி.லி. தண்ணீர். 3 கிலோ குட்டிக்கு அது நூற்றுக்கு ஐந்து. ஒரு தாளில் நேரம், எடை, காய்ச்சல், எத்தனை வாந்தி, எத்தனை கழிச்சல், ஏற்றின திரவம் என்று எழுதி வைத்தால் டாக்டருக்குப் போனிலேயே நிலைமை புரியும்.

ஈறைத் தூக்கி விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு பிசுபிசுவென்று காய்ந்திருந்தால் நீர் குறைவு, வெள்ளையாக இருந்தால் ரத்தம் குறைவு அல்லது ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை. வெப்பமானியில் நுனிக்கு எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரி. காய்ச்சல் வந்தால் பதறுகிறோம். 99க்குக் கீழே இறங்குவதுதான் அதைவிட மோசம். பெட் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். ஃபேன் நேராக அடிக்கக்கூடாது. திடீரென்று தள்ளாடினால், உடம்பு வெட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கும். தேனோ கெட்டியான சர்க்கரைக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நிற்க முடியாத குட்டி, ஈறு வெளுத்த குட்டி, உடம்பு சில்லிட்ட குட்டி, இவற்றை வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.

வாந்தி நிற்கும்வரை வாய்வழி எதையும் திணிக்க வேண்டாம். இளநீர் எல்லோரும் கொடுப்பது. ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, ஓ.ஆர்.எஸ்.க்கு அது ஈடாகாது. குளுக்கோஸ் பவுடரில் உப்பே இல்லை. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட, ஒரு லிட்டரில் கரைக்கும் பொடியாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி நின்று சில மணி நேரம் கழித்து, ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சைக் கன்னத்துப் பக்கவாட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும்.

வாந்தி அடங்கினால் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். குடலுக்கு வேலை கொடுத்தால்தான் உள்தோல் சீக்கிரம் முளைக்கும். தோல் நீக்கின கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, குழைந்த சோற்றோடு மிக்ஸியில் அடித்து, கிலோவுக்கு 1 மி.லி. என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. பால் வேண்டவே வேண்டாம். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், கழிச்சலைக் கட்டும் லோபரமைடு ஆகியவற்றைக் கையில் எடுக்காதீர்கள். கழிச்சலைக் கட்டினால் கிருமி உள்ளேயே தங்கும்.

முதல் நாலு நாளைத் தாண்டின குட்டி பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் மலத்தில் வைரஸ் வரலாம், தெருவில் விடாதீர்கள். பினாயில், டெட்டால் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. முதலில் மலத்தை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அதன்பின் 4 முதல் 5 சதவீத பிளீச் திரவத்தை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே நிற்கவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 5 கிராம், புதுப் பாக்கெட்டாக. அழுக்கின்மேல் பிளீச் ஊற்றினால் வீண். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு சேர்த்தால் விஷவாயு. படுத்திருந்த சாக்கு, பழைய புடவையை மிச்சம் பிடிக்க நினைக்காமல் எரித்துவிடுங்கள். மண்தரையை முழுசாகச் சுத்தம் செய்ய வழியே இல்லை, வைரஸ் அங்கே ஒரு வருஷம்கூடக் கிடக்கும். அந்த வாசலுக்கு அடுத்து வரும் குட்டி, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 3, 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை தடுப்பூசி முடித்ததாக இருக்கட்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு முதல் ஊசிகளை அமுக்கிவிடும். இரண்டு ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருவது பெரும்பாலும் அதனால்தான், 16 வாரத்து ஊசியைப் பணத்துக்காக விடாதீர்கள்.