குவியல் எத்தனை கிராம்?

ஜனவரி 14, 2020, ஸோம்பா, மலாவி

சந்தையில் தக்காளிக் குவியல்களை நிறுத்துப் பார்த்தேன். சென்ற மாத விலைதான்; விலை ஏறாது, குவியல்தான் இளைக்கும். இங்கே யாரும் கிலோவில் சாப்பிடுவதில்லை. வாளி, பத்தாம் எண் தட்டு, குவியல். வீடு வீடாக நடக்கும் எங்கள் கணக்கெடுப்பில், கடந்த 7 நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, வரும் பதிலைக் கிராமாக்கி, கலோரியாக்கி, இந்நாட்டுப் பணமான குவாச்சாவாக்கி, பிறகுதான் அந்த வீடு வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்கிறோம். முதல் படியே ஆட்டம் காண்கிறது.

ஜனவரி 16

காய்ச்சல். மலேரியா இல்லையாம்.

ஜனவரி 19

படுக்கையில் பழைய அறிக்கைகள். மலாவியின் வறுமை விகிதம் 2004-05இல் 52.4 விழுக்காடு, 2010-11இல் 50.7, 2016-17இல் 51.5. உர மானியம் வந்தது, மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது என்றார்கள். இந்த எண் அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் அதே 2010-11 தரவில் வாளிக்கும் குவியலுக்கும் எடையைத் திருத்தி, கோட்டையும் வட்டாரவாரியாக வகுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, வறுமை அதைவிட வெகுவாகக் குறைந்ததாகத் தெரிந்தது. தின்றது அதே உணவு. கணக்கு மாறியதும் இலட்சக்கணக்கானோர் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 3

தீர்ப்பு வந்துவிட்டது. போன மே மாதத் தேர்தல் செல்லாது. தெருவெல்லாம் ஹாரன் சத்தம்.

பிப்ரவரி 11, பலோம்பே

கணக்கெடுப்பாளர்களோடு ஒரு வீட்டுக்குப் போனேன். கணவர் கூலி வேலை தேடிப் போயிருந்தார். வீட்டிலிருந்த அம்மாவிடம், எந்த அளவு என்று காட்டுவதற்காகத் தட்டுகளின் படத்தாளை நீட்டினார்கள். சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையே விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. அடுப்பில் பூசணிக் கீரை மட்டும். அறுவடை வரவில்லை, குதிர் காலி. ஜூனில் வந்திருந்தால் இதே வீடு வேறு பதில் சொல்லியிருக்கும். கணக்கெடுப்பை 12 மாதமும் பரப்பி, மாதத்துக்குச் சில வீடுகளாகக் கேட்பது அதற்காகத்தான். நாட்டின் சராசரிக்கு அது நியாயம். இந்த வீட்டுக்கு வாய்த்தது பிப்ரவரி.

பிப்ரவரி 12

அந்த விரல்.

மார்ச் 20

தேசியப் பேரிடர் என்று ஜனாதிபதி அறிவித்திருக்கிறார். இங்கே ஒருவருக்குக்கூட இன்னும் கொரோனா உறுதியாகவில்லை. ஆனாலும் பள்ளிகளை மூடுகிறார்கள். களப்பணி முடியவில்லை. படத்தாளைக் காட்டாமல் தொலைபேசியில் குவியலை எப்படிக் கேட்பது?

மார்ச் 23

பலோம்பே தரவு வந்திருக்கிறது. அந்த வீட்டைத் தேடி எடுத்தேன். தட்டு: சிறியது. நடுத்தரம் என்று போட்டால் ஆளுக்கு எத்தனை கலோரி கூடும் என்று பார்க்க வேண்டும். வீட்டில் 6 பேர்.