கயல் என்று வைத்தோம், கெய்லா என்று வந்தது

பையனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. அவன் ஆண்தான் என்பதைக் காப்புறுதி நிறுவனம் நேற்றுதான் ஒப்புக்கொண்டது.

பெயர் கயல். வீட்டில் எதிர்பார்த்த சண்டை நடந்தது. "கயல்விழியைச் சுருக்கினால் கயல். பெண்பிள்ளைப் பெயர் அல்லவா?" என்றார் அத்தை. பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு, படைப்பயிற்சிக்குப் போவானே, முகாமில் எல்லார் முன்னாலும் கயல் என்று கூப்பிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்பது அவர் கவலை. கூப்பிடுகிற சார்ஜண்ட் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் அது பெண் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பக்கத்தில் நிற்கிற தமிழனுக்குத் தெரியுமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாண்டியர் கொடியில் பறந்ததே கயல்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசு ஆண்தானே என்றார் என் கணவர். அவர்கள் வழக்கம் வேறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார் அத்தை. கடைசியில் கைகொடுத்தது மாமாவின் பெயர். மாமா மீனாட்சிசுந்தரம். எழுபது ஆண்டுகளாக அம்மன் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு நடமாடுகிறார், ஒருவரும் சிரித்ததில்லை. மதுரை மீனாட்சிக்குத் தமிழில் அங்கயற்கண்ணி என்று பெயர். அழகிய கயல் போன்ற கண்ணுடையவள். அப்படியானால் தாத்தா பெயரில் இருப்பதைத்தானே பேரனுக்கு வைக்கிறோம் என்றேன். மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார். "பேரன் என்றாலே பெயரன்தானே" என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று முப்பத்தொன்றாம் நாள். 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அத்தை புதிய வாதத்தோடு வருவதற்குள் அன்றிரவே பதிந்துவிட்டோம். சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளக் கணக்கு, அரசின் லைஃப்எஸ்ஜி செயலி, 18 வெள்ளி, அவ்வளவுதான்.

தவறு செய்தது அங்கேதான். பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே, இன்னாரின் மகன் என்று காட்டும் எஸ்/ஓ போடவில்லை. பள்ளியில் என் பெயரிலிருந்த டி/ஓ-வை, அதாவது இன்னாரின் மகள் என்பதை, 'டோ' என்று வாசித்துக் கேலி செய்வார்கள். அந்தத் தொல்லை பிள்ளைக்கு வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். பையனுக்கு இப்படிப்பட்ட பெயர் வைப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். அந்த இரண்டு எழுத்து இருந்திருந்தால் எனக்கு இரண்டு நடை மிச்சம்.

காப்புறுதி முகவர் வேகமானவர். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினார். ஆங்கிலத்தில் கயலின் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் கெய்லா. மாறின. கெய்லா என்றால் பெண்தானே என்று பாலினத்தையும் அவரே நிரப்பிவிட்டார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே திரையில் கையெழுத்துப் போட்டது என் குற்றம். மேலே தள்ளிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பத்திரம் வந்த பிறகுதான் தெரிந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன், பத்து நாள் பதிலே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் ராஃபிள்ஸ் பிளேஸில் இருக்கும் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் கைப்பேசியில் நான் காட்டிய பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அசலைக் கொண்டு வாருங்கள்" என்றார். இதுதான் அசல் என்றேன். இது படம் என்றார். 29 மே 2022 முதல் சிங்கப்பூரில் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் தரப்படுகிறது, அதிலுள்ள கியூஆர் குறியீட்டைச் சோதித்துப் பாருங்கள் என்று மூன்று விதமாகச் சொன்னேன். மேலதிகாரி மதிய உணவுக்குப் போயிருந்தார். குழந்தை அழ ஆரம்பித்தான். "பெண் குழந்தைக்குப் பசி போலிருக்கிறது" என்றார் அந்தப் பெண். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை கணவரையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே போனேன். அசல் என்றால் எது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல், "முதலில் இந்தக் குறியீட்டைச் சோதியுங்கள்" என்று கைப்பேசியை நீட்டினேன். வேறொருவர் இருந்தார், அரை நிமிடத்தில் சரிபார்த்துவிட்டார். எழுத்து, பாலினம் இரண்டையும் திருத்தியதைத் திரையை எங்கள் பக்கம் திருப்பச் சொல்லி நான் வாசித்த பிறகுதான் எழுந்தேன்.

அப்போது பக்கத்து முகப்பில் இருந்த தமிழர் எட்டிப் பார்த்து, "கயலா? ஆண் பிள்ளைக்கா?" என்றார்.

அத்தையிடம் மற்றதெல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.