777 காட்டும் இணைப்பு

"அக்கா, பர்மிஷன மாத்திட்டேன், இன்னும் 777-ன்னே காட்டுது!"

தரமணி ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி.

திரையைப் பார்த்தேன். வரியின் முதல் எழுத்தே 'எல்'. அது சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு.

லினக்ஸில் சிம்லிங்க்குக்கு எப்போதும் 777தான், அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். இணைப்பு வழியாகக் கோப்பைத் திறக்கும்போது அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. தம்பி போட்ட சிமோட் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத விடும் கட்டளை), இணைப்பைத் தாண்டிப் போய் அசல் கோப்பைப் பூட்டிவிட்டது. அதைப் படிக்கவேண்டிய சர்வீஸ், பாவம், எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் உரிமையாளரும் நேரமும் இணைப்புக்கென்று தனியாக உண்டு. உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையில் 'மைனஸ் எச்' போட்டால் இணைப்பின் உரிமையாளர் மட்டும் மாறும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இணைப்பின் அனுமதியையும் அப்படி மாற்றலாம்.

"இந்த இணைப்போட அளவு ஏன் 23 பைட்?"

இணைப்பு சுட்டும் பாதையை எண்ணச் சொன்னேன்.

திரையில் விரல் வைத்து எண்ணினான். சரியாக 23 எழுத்து. அப்புறம் அடுத்த இணைப்பையும் எண்ண ஆரம்பித்துவிட்டான்.