எண்களைக் குறித்து வையுங்கள்: ஃபிராக்டல் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு அனுபவம்

முதுநிலைக் கணிதம் நான்காம் பருவத்தின் முடிவுகள் சென்ற வாரம் வெளிவந்தன. ஆய்வேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் சேர்த்து 100க்கு 91 கிடைத்தது. நாள்தோறும் காலையில் ஒரு ஃபிராக்டல் படம் (எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புது நுணுக்கம் காட்டும் வடிவம்) கணினியில் வரையும் பழக்கத்தையே ஆய்வேடாக வளர்த்தெடுத்தவன் என்ற முறையில், அடுத்த ஆண்டு இதே தலைப்பை எடுக்க எண்ணுபவர்களுக்கு, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பக்க வரம்பு, மதிப்பெண் பகிர்வு போன்றவற்றை நீங்களே அறிவீர்கள்.

என்னைத் தடுக்கி விழச் செய்ததும், பிறகு கைதூக்கிவிட்டதும் ஒன்றுதான்: படத்தைப் பிறப்பித்த எண்கள். முதல் 43 நாள்களில் வரைந்த படங்களை வெறும் படக் கோப்புகளாகவே சேமித்தேன். மாண்டல்பிராட் கணம் என்பது, 0இல் தொடங்கி z²+c என்று திரும்பத் திரும்பக் கணக்கிட்டாலும் எல்லை மீறி வளராத c புள்ளிகளின் தொகுப்பு. அதில் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் இடுக்குக்குள் கண்டெடுத்த ஒரு சுருளை ஆய்வேட்டின் முகப்பில் வைக்க ஆசைப்பட்டேன். அதன் மையப்புள்ளி எது என்று நெறியாளர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. “மறுபடியும் வரைந்து காட்ட முடியாத படம் கணித ஆய்வேட்டில் இருக்கக் கூடாது” என்று அவர் அதை எடுத்துவிடச் சொன்னார். பதினொரு இரவுகள் தேடியும் அந்தச் சுருள் அகப்படவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

அன்று முதல் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். எழுத வேண்டியவை:

- மையத்தின் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி (15 இலக்கம் வரை)
- சட்டத்தின் அகலம்
- மறுசெய்கைகளின் (திரும்பத் திரும்பக் கணக்கிடும் படிகளின்) உச்ச எண்ணிக்கை
- விடுபடு ஆரம் (z-இன் மட்டு மதிப்பு இதைக் கடந்தால் புள்ளி வெளியேறிவிட்டது என்று கொள்ளும் எல்லை)
- நிறம் தீட்டிய முறை
- முந்தைய நாளிலிருந்து மாற்றியது எது

கடைசி வரிக்காகவே ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடத்தையும் நிறத்தையும் ஒரே நாளில் மாற்றினால் படம் அழகாக வரலாம். ஆனால் அந்த அழகு எதனால் வந்தது என்பது விளங்காது. கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவராது. ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு, கைப்பேசியைத் தொடுவதற்கு முன், தனியாக 40 நிமிடம் என்பதே என் பரிந்துரை.

குறிப்பேடு எனக்குத் தந்த பெரும் பரிசு π. கணத்தின் இதயவடிவப் பகுதியும் அதையொட்டிய பெரிய வட்டமும் தொட்டுக்கொள்ளும் −0.75 என்ற புள்ளிக்கு நேர் மேலே, கற்பனைப் பகுதியை 0.1, 0.01, 0.001 எனக் குறைத்துக்கொண்டே வந்தேன். z²+c மறுசெய்கையில் மட்டு மதிப்பு 2ஐக் கடக்க முறையே 33, 315, 3143 படிகள் ஆயின. படிகளைக் கற்பனைப் பகுதியால் பெருக்கினால் 3.3, 3.15, 3.143 என π-ஐ நெருங்கின. நிரலில் பிழை இருக்கிறது என்று இரண்டு நாள் தேடினேன். அந்தத் தொடுபுள்ளியில் உள்ள கழுத்து எவ்வளவு குறுகலானது என்று சோதித்துக்கொண்டிருந்த டேவ் போல் (Dave Boll) என்பவர் 1991இலேயே இதைக் கவனித்திருந்தார் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். எண்களை எழுதி வைக்காமல் நிறங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் மாண்டல்பிராட், ஜூலியா, ஃபாத்து ஆகிய கணிதவியலாளர்களின் வரலாற்றைக் கேட்கவே இல்லை. நான் மனப்பாடம் செய்த ஆண்டுகள் பயன்படவில்லை. அவர் 27ஆம் பக்கத்துப் படத்தைச் சுட்டி, “இதை இங்கேயே வரைய முடியுமா?” என்றார். குறிப்பேட்டைப் பார்த்து எண்களை உள்ளிட்டு, நான்கு நிமிடத்தில் வரைந்து காட்டினேன். அடுத்து, “கறுப்பாக உள்ள புள்ளிகள் எல்லாம் கணத்தின் உறுப்புகளா?” என்று கேட்டார். “இல்லை, நாம் வைத்த உச்ச எண்ணிக்கைக்குள் அவை வெளியேறவில்லை என்பதே அதன் பொருள்” என்றேன். 200 மறுசெய்கையில் கறுப்புத் திட்டாகத் தெரிந்த ஓர் இடம் 2000இல் கிளைகளாகப் பிரிந்ததை அடுத்தடுத்த இரு பக்கங்களில் காட்டினேன். என் மதிப்பெண் அங்கேதான் உறுதியாயிற்று என்று நம்புகிறேன்.

வேறு சில எச்சரிக்கைகள். விடுபடு ஆரம் 2 கணிதத்துக்குப் போதும். நிறங்கள் படிக்கட்டாக இல்லாமல் வழுவழுப்பாக ஓட வேண்டுமானால் 256 போன்ற பெரிய எண்ணை வையுங்கள். அகலம் 10⁻¹³ அளவுக்குச் சுருங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது புதிய அமைப்பு அன்று. வழக்கமான இரட்டைத் துல்லிய எண்கள் ஏறத்தாழ 16 இலக்கங்களோடு நின்றுவிடுவதால் வருவது. நான் அதைக் கண்டுபிடிப்பு என்றே அரைப் பக்கம் எழுதியிருந்தேன், நெறியாளர் அடித்துவிட்டார்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் ஜெராக்ஸ் பிரதியில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். என் ஆய்வேட்டில் ஆறு படங்களை அதற்காகவே கடைசி வாரத்தில் திரும்ப வரைந்தேன். எண்கள் கைவசம் இருந்ததால் ஒரே மாலையில் முடிந்தது.